திறந்த காரும் இறுகிய வில்லும்

கூரையை மடக்கிவைத்துத் திறந்தவெளியில் ஓட்டிச் செல்லக்கூடிய, விரைவுக்கென்றே அமைந்த கார் ஒன்றை வாங்குகிறவர், அதற்குச் சாதாரண வில் அமைப்பைக் கேட்பதா, 'ஸ்போர்ட்ஸ்' எனப்படும் இறுகிய வில் அமைப்பைக் கேட்பதா? இன்றைய பேச்சுக்கு நான் எடுத்துக்கொண்டிருக்கும் பொருள் இதுதான். கோரிப்பாளையத்துச் சந்து ஒன்றில் வாழும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியனுக்கு ஏன் இந்தக் கவலை என்று நேயர்கள் நகைக்கக்கூடும். என் வீட்டுத் திண்ணையோரம் சாத்தியிருப்பது ஒரு மிதிவண்டி. அதில் இருக்கும் வில்லெல்லாம் இருக்கைக்கு அடியில் உள்ள இரண்டே சுருள்கள். ஆயினும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இயற்பியல் கற்பித்தவனுக்கு, வில் எந்த வண்டியில் இருந்தாலும் வில்தான்.

கேள்வி என்னுடையதன்று, என் பழைய மாணவர் ஒருவருடையது. அயல்நாட்டில் பொறியாளராகப் பல ஆண்டுகள் உழைத்துப் பொருளீட்டி ஊர் திரும்பியவர். இளமையிலேயே திறந்த கார்மேல் ஆசை. கப்பலில் வரவேண்டிய இரண்டு இருக்கைக் கார் ஒன்றுக்கு விண்ணப்பம் எழுதும் வேளையில், விண்ணப்பத்தின் நடுவே இந்தக் கேள்வி இருந்தது. சாதாரணமா, ஸ்போர்ட்ஸா? ஒன்றைக் குறித்துவிட்டால் வண்டி அவ்வாறே பூட்டப்பட்டு வந்துவிடும்; பின்னர் மாற்றுவதென்றால் பெருஞ்செலவு. "பணம் ஒரு பொருட்டில்லை, ஐயா. ஆனால் பக்கத்து இருக்கையில் முதலில் உட்காரப்போவது என் அப்பா. அதனால்தான் கேட்கிறேன்" என்றார். அவருடைய தந்தையை நான் அறிவேன். முப்பத்து மூன்று ஆண்டுகள் பேருந்து ஓட்டியவர். எஞ்சின் பக்கத்தில் சூட்டிலும் உலுக்கலிலும் அமர்ந்து அமர்ந்து, கீழ்முதுகில் ஜவ்வு விலகி, இப்போது தரையில் விழுந்த சாவியைக் குனிந்து எடுப்பதற்கும் பேரனை அழைக்கிறவர். ஆகவே இந்தக் கேள்வியைச் செல்வர் வீட்டு விளையாட்டு என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை.

அறிந்ததிலிருந்து அறியாததற்குச் செல்லவேண்டும் என்பது ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் விதிகளுள் ஒன்று. நாம் அறிந்தது வில்வண்டி. பாரவண்டியில் அச்சின்மேல் நேரே சட்டம் உட்காரும். வழியில் கிடக்கும் கல்லெல்லாம் வண்டியில் இருப்பவரின் பல்லில் வந்து முட்டும். வில்வண்டியிலோ அச்சுக்கும் சட்டத்துக்கும் நடுவே எஃகுப் பட்டைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக, நீளத்தைக் குறைத்துக்கொண்டே அடுக்கிக் கட்டியிருப்பார்கள். பண்ணையார் வீட்டுப் பெண்டிர் கோயிலுக்குச் சென்றதும், கருவுற்ற மகளைப் பிறந்தகத்துக்கு அழைத்துவந்ததும் அந்த வண்டியில்தான். மேற்கத்திய நாடுகளிலும் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் இத்தகைய பட்டை வில்கள் குதிரை வண்டிகளில் பரவலாயின.

இன்னொரு வண்டியும் நாம் அறிந்ததே. அது பந்தயத்துக்குரிய ரேக்ளா வண்டி. கூண்டு இல்லை, மெத்தை இல்லை, எடையை எங்கெல்லாம் குறைக்கலாமோ அங்கெல்லாம் குறைத்திருப்பார்கள். அதை ஓட்டுகிறவர் சாய்ந்து உட்காருவதில்லை. குந்தியும் எழுந்தும், முழங்கால்களையே வில்லாக்கிக்கொண்டு போகிறார். சித்திரைத் திருவிழாவில் கள்ளழகரைச் சுமந்து கோரிப்பாளையம் வழியாக வைகைக்கு வருகிறவர்களின் கால்களைக் கவனித்தவர்களுக்கு இது புதிதாக இராது. தோளில் அவ்வளவு பாரம், காலடியில் மேடுபள்ளம், ஆயினும் வாகனம் துள்ளுவதில்லை, மிதக்கிறது. முழங்கால் வளைந்து கொடுப்பதுதான் காரணம். ரேக்ளா ஓட்டுகிறவருக்கு வயது இருபது. அவருக்கு வளையும் முழங்கால் உண்டு. காரின் இருக்கையில் அமர்ந்திருக்கும் அறுபத்தெட்டு வயது மனிதருக்கு, வண்டியின் வில்லைத் தவிர வேறு வில் கிடையாது.

இனி வில்லின் இயல்பைப் பார்ப்போம். இராபர்ட் ஹூக் என்ற ஆங்கில அறிஞர் 1678இல் வெளியிட்ட விதி எளிது. வில்லை எவ்வளவு விசையால் இழுக்கிறோமோ, அதற்கு ஏற்ற அளவில் அது நீளுகிறது. விசை இரட்டித்தால் நீட்சியும் இரட்டிக்கும். இந்த ஒரு வரியிலிருந்து, மாணவர்கள் வியக்கும் முடிவு ஒன்று கிடைக்கிறது. காரின் எடை ஏறியதால் வில் எத்தனை சென்டிமீட்டர் அமுங்கியிருக்கிறதோ, அத்தனை சென்டிமீட்டர் நீளமுள்ள ஊசல் ஒன்றைக் கட்டித் தொங்கவிடுங்கள். அந்த ஊசல் ஆடும் அதே கால அளவில்தான் அந்தக் காரும் மேலும் கீழுமாக ஆடும். கல்லும் நூலும் இருந்தால் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். 25 சென்டிமீட்டர் நூலில் கல் விநாடிக்கு ஒருமுறை ஆடும். 11 சென்டிமீட்டருக்குக் குறைத்தால் விநாடிக்கு ஒன்றரை முறை. 6 சென்டிமீட்டருக்குக் குறைத்தால் விநாடிக்கு ஏறத்தாழ இருமுறை. வீட்டுக் கார்கள் பொதுவாக விநாடிக்கு ஒன்றுக்கும் ஒன்றரைக்கும் இடைப்பட்டு ஆடும்படி அமைகின்றன. விரைவுக் கார்கள் ஒன்றரையிலிருந்து இரண்டும் அதற்கு மேலும் செல்கின்றன. நாம் மெதுவாக நடக்கும்போது நம் உடல் ஏறியிறங்கும் வேகமும் முதலில் சொன்ன அளவை ஒட்டியே இருக்கிறது. ஆகவேதான் அந்த ஆட்டம் நமக்கு உறுத்துவதில்லை. கைக்குழந்தை தூங்கியும் போகிறது.

வில்லைப் பற்றிய தவறான எண்ணம் ஒன்றையும் இங்கே களைந்துவிட வேண்டும். வில் அதிர்ச்சியை விழுங்கிவிடுவதில்லை. கடன் வாங்குகிறது, வாங்கியதைத் திருப்பித் தந்துவிடுகிறது. அதனால்தான் வில் மட்டுமே உள்ள வண்டி ஒரு பள்ளத்தைத் தாண்டியபின் தெப்பம்போல் ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தை அடக்குவது ஷாக் அப்சார்பர் என்னும் குழாய். அதற்குள் எண்ணெய்; எண்ணெய்க்குள் துளையிட்ட ஓர் அடைப்பு. அடைப்பு நகரும்போது எண்ணெய் சிறு துளைகளின் வழியே பிதுங்கிச் செல்ல வேண்டியிருப்பதால் ஆட்டத்தின் ஆற்றல் வெப்பமாகிவிடுகிறது. நீண்ட தூரம் ஓடிவந்த மோட்டார் சைக்கிளின் அந்தக் குழாயைத் தொட்டுப் பார்த்தவர்களுக்குச் சூடு தெரிந்திருக்கும். 'அதிர்ச்சி விழுங்கி' என்று அதற்குப் பெயர் வைத்தவர் பெயரை இடம் மாற்றி வைத்துவிட்டார் என்பது என் நெடுநாள் மனக்குறை. அதிர்ச்சியை முதலில் ஏற்பது வில்; ஆட்டத்தை அடக்குவது குழாய். வில்வண்டிக்குக் குழாய் தேவைப்படாததற்குக் காரணம், பட்டைகள் ஒன்றோடொன்று உராய்ந்து ஆட்டத்தை ஓரளவு தாமே அடக்கிக்கொண்டதுதான்.

இவ்வளவும் தெரிந்தபின் ஸ்போர்ட்ஸ் அமைப்பு என்பதன் பொருள் விளங்கிவிடும். சுருள்வில் குட்டையாகவும் இறுகியும் இருக்கும். குழாயின் எண்ணெய் வழி கடுமையாக இருக்கும். வண்டி ஒருபுறம் சாயாமல் இரு சக்கரங்களையும் இணைக்கும் குறுக்குத் தண்டு பருமனாக இருக்கும். வண்டியின் உடல் ஒன்று அல்லது இரண்டு சென்டிமீட்டர் தரையை நோக்கி இறங்கியிருக்கும். எடுத்துக்காட்டாக, போர்ஷே கம்பெனியார் தங்கள் 718 பாக்ஸ்டர் என்னும் திறந்த காருக்கு 10 மில்லிமீட்டர் தாழ்ந்த அமைப்பு ஒன்றும், 20 மில்லிமீட்டர் தாழ்ந்த இன்னொன்றும் தேர்ந்துகொள்ளும்படி வைத்திருந்தனர். இவற்றால் விளையும் நன்மை பொய்யன்று. சுக்கானைத் திருப்பியவுடன் வண்டி தயங்காமல் திரும்புகிறது. வளைவில் ஒருபுறம் சாய்ந்து நிற்பதில்லை. ஓட்டுகிறவருக்குச் சாலையின் சேதி கைக்கு வந்துசேருகிறது. இருங்காட்டுக்கோட்டையில் 1990இலிருந்து இருக்கும் பந்தயத் தடத்தைப்போலப் பந்தயத்துக்கென்றே தளம் இட்ட இடத்தில் இறுகிய வில்லே பொருத்தமானது. அதில் எனக்கு ஐயம் இல்லை.

ஆனால் இறுகிய வில் இருந்தால் வளைவில் வண்டி புரளவே புரளாது, சாலையை விடாது பற்றிக்கொள்ளும் என்று இளைஞர்கள் நம்புகிறார்களே, அங்கேதான் பாடம் தவறுகிறது. வளைவில் உட்பக்கச் சக்கரத்திலிருந்து வெளிப்பக்கச் சக்கரத்துக்கு எவ்வளவு பாரம் மாறுகிறது என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பவை வேகம், வளைவின் அளவு, வண்டியின் எடை, அதன் எடைமையத்தின் உயரம், இரு சக்கரங்களுக்கும் இடையே உள்ள அகலம் ஆகியவையே. வில் எவ்வளவு இறுகியது என்பதற்கு அதில் பெரிய பங்கில்லை. வில் இறுகினால் சாய்வு கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. பாரம் மாறுவது நிற்பதில்லை. பற்றுதல் என்பதோ சக்கரம் தரையை அழுத்திக்கொண்டிருக்கும்வரைதான். மேடுபள்ளமான சாலையில் இறுகிய வில் சக்கரத்தைத் தரையோடு தொடரவிடாமல் எற்றிவிடுகிறது. காற்றில் இருக்கும் சக்கரம் பந்தய வண்டியுடையதாக இருந்தாலும் பாரவண்டியுடையதாக இருந்தாலும் ஒன்றுதான். அதனால் திருப்பவும் முடியாது, நிறுத்தவும் முடியாது.

திறந்த கார் என்பதனால் வரும் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. இதை வகுப்பில் காட்டுவதானால் எனக்கு ஒரு தீப்பெட்டி போதும். உள்தட்டை எடுத்துவிட்டு, மேலுறையை இருபுறமும் பிடித்து முறுக்கிப் பாருங்கள், எதிர்த்து நிற்கும். பின் அதன் ஒருமுகத்தைக் கத்தரித்து எடுத்துவிட்டு முறுக்குங்கள், துணிபோல் முறுகும். மூடிய காரின் கூரை வெயிலுக்கு மட்டும் அன்று. அது பெட்டியின் நாலாவது முகம். அதை நீக்கியபின் இழந்த வலிமையை மீட்கக் கார் செய்வோர் கதவுக்குக் கீழே உள்ள விளிம்புகளைப் பருமனாக்குகிறார்கள். அடியில் குறுக்குச் சட்டங்கள் பூட்டுகிறார்கள். அப்படியும் ஒரு சக்கரம் மட்டும் மேட்டில் ஏறும்போது, முன்கண்ணாடிச் சட்டமும் சுக்கான் தண்டும் நடுங்குவதைப் பல திறந்த கார்களில் உணரலாம். இதில் நுட்பம் யாதெனின், சக்கரம் வாங்கிய அடியை வில் எவ்வளவு தன்னிடத்தே ஏற்கிறதோ அவ்வளவு குறைவாகவே உடலுக்குப் போகும். வில்லையும் குழாயையும் இறுக்கினால் உடல்தான் வளையவேண்டி வரும். உடல் வளையத் தொடங்கிவிட்டால், அதுவே யாரும் கணக்கிடாத இன்னொரு வில்லாகிவிடுகிறது. அதை அடக்கக் குழாயும் இல்லை. ஆகவே கூரையுள்ள காருக்கு எவ்வளவு இறுக்கம் பொருந்துமோ, அவ்வளவு கூரையற்ற காருக்குப் பொருந்தும் என்று கொள்ளலாகாது.

இவையெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் என்று எண்ண வேண்டாம். நம் மாநிலத்திலேயே நடந்த வரலாறு ஒன்று உண்டு. சென்னைக்குத் தெற்கே வண்டலூரை அடுத்து ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலை இருந்தது. அங்கே 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்னும் கார் செய்யப்பட்டது. என் வயதினருக்கு அந்த முகம் நினைவிருக்கும். அக்காலத்து மருத்துவர்கள் பலர் வைத்திருந்தனர். இங்கிலாந்தில் டிரையம்ப் கம்பெனியார் செய்த ஹெரால்டின் பிறப்பே அது; உருவம் வரைந்தவர் இத்தாலியரான மிக்கெலாட்டி. அதே அடிச்சட்டத்தைக் குறுக்கி, அதே வில் அமைப்பை வைத்து, 1962இல் அக்கம்பெனியார் வெளியிட்டதுதான் ஸ்பிட்ஃபயர் என்னும் பெயர்பெற்ற திறந்த இரண்டு இருக்கைக் கார். ஆக, நம் மதுரைத் தெருக்களில் மருத்துவரை ஏற்றிக்கொண்டு சென்ற சாதுவான ஹெரால்டு, பந்தயக் காருக்கு உடன்பிறப்பு!

அந்த உடன்பிறப்புகளின் பின்புறத்தில் குறுக்காக ஒரே பட்டை வில். அதன் இரு முனைகளிலும் சக்கரங்கள் தனித்தனியே ஏறியிறங்கும். சமமான சாலையில் நல்ல ஏற்பாடுதான். வேகமாக வளைவில் திரும்பும்போதோ வெளிப்பக்கச் சக்கரம் காலை மடக்கிக்கொள்வதுபோல வண்டிக்கு அடியில் மடங்கும், பின்புறம் தூக்கிக்கொள்ளும், ஓட்டுகிறவர் நடுங்குவார். இந்தக் குறையை நீக்க 1970இல் வந்த ஸ்பிட்ஃபயரில் என்ன செய்தார்கள் என்று நினைக்கிறீர்கள்? வில்லை இறுக்கினார்களா? இல்லை, தளர்த்தினார்கள். பட்டைகளுள் அடிப்பட்டையை மட்டும் இறுகப் பூட்டி, மற்றவற்றைத் துலாக்கோல்போல நடுவில் ஆடும்படி விட்டார்கள். பாரத்தைத் தாங்கும் வலிமை குறையவில்லை. சாய்வை எதிர்க்கும் இறுக்கம் மட்டும் பின்புறத்தில் குறைந்தது. வண்டி அடக்கமாக ஓடியது. சென்னையில் செய்தது வேறு. 1972இல் ஹெரால்டின் வழியில் வந்த கெசல் என்னும் காரில், தனித்தனிச் சக்கர ஏற்பாட்டையே கைவிட்டு, இருபுறச் சக்கரங்களையும் பிணைக்கும் ஒரே முழு அச்சைப் பொருத்தினார்கள். நம் நாட்டில் வாங்குவோருக்கும் பழுது பார்ப்போருக்கும் பழையது பிடிக்கவில்லை. நூலறிவின்படி அது ஒருபடி பின்னேறியதுதான். ஆனால் திருமங்கலம் சாலையோரத்தில் இரவில் வண்டி நின்றுவிட்டால், அங்கே இருக்கும் கொல்லரின் கைக்கு அடங்குவது எதுவோ அதுவே நல்ல வில் என்று தொழிற்சாலை முடிவு செய்ததை நான் குறை கூறமாட்டேன்.

அதே 1962இல் இங்கிலாந்தில் காலின் சாப்மன் என்னும் வல்லுநர் லோட்டஸ் எலான் என்ற திறந்த காரை வெளியிட்டார். பந்தயங்களில் புகழ்பெற்றவர், அவர் காரில் வில் கல்லாக இருக்கும் என்று எவரும் எதிர்பார்ப்பர். அவரோ மென்மையான வில்லையும், நெடுந்தூரம் ஏறியிறங்க இடத்தையும், அளவறிந்த குழாயையும் வைத்தார். கூரையற்ற உடல் முறுகாதிருக்க, காரின் நடுவே முதுகெலும்புபோல ஒரு எஃகுச் சட்டத்தை ஓடவிட்டார். வளைவில் அந்தக் கார் ஓடிய அழகை இன்றளவும் கார் அறிஞர்கள் பேசுகிறார்கள். மென்மை வேறு, தளர்ச்சி வேறு என்பதற்கு என் வகுப்பில் நான் இதைவிட நல்ல சான்று காட்டியதில்லை.

இனி, நம் சாலைக்கு வருவோம். இந்திய சாலைகள் காங்கிரஸ் என்னும் அமைப்பு 1988இல் வேகத்தடைக்கு இலக்கணம் வகுத்தது. அகலம் 3.7 மீட்டர், உயரம் 10 சென்டிமீட்டர், மேற்புறம் 17 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் ஒரு துண்டு, 25 கிலோமீட்டர் வேகத்தில் கடக்கலாம். இதைக் கணக்கிட்டுப் பார்த்தேன். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே இரண்டரை மீட்டர் உள்ள கார் அந்த மேட்டின்மேல் நடுவாக நின்றால், சக்கரங்களும் மேட்டின்மேலேயே இருப்பதால், நடுமேடு சக்கரமட்டத்தைவிட நாலரை சென்டிமீட்டர் அளவே உயர்ந்திருக்கும். எந்தத் திறந்த காரும் இதை உரசாது. ஆனால் நம் தெருக்களில் இலக்கணப்படி அமைந்த வேகத்தடையைக் காண்பது, பிழையில்லாத விடைத்தாளைக் காண்பதுபோல. ஒரு நாள் கையில் அளவுகோலோடு எங்கள் பகுதியில் சுற்றினேன். பள்ளிக்கூட வாசல் ஒன்றில் இருந்த தடையின் அகலம் இரண்டடிகூட இல்லை. உயரம் 13 சென்டிமீட்டர். இங்கே சக்கரங்கள் இறங்கித் தரைக்கு வந்தபின் முழு 13 சென்டிமீட்டரும் வண்டியின் வயிற்றைத் தேடி நிற்கும். வண்டிக்கும் தரைக்கும் இடையே 14 சென்டிமீட்டர் இருந்தால் தப்பலாம். ஸ்போர்ட்ஸ் அமைப்பால் இரண்டு குறைந்து 12 ஆனால், வயிற்றைத் தேய்த்துக்கொண்டுதான் போகவேண்டும். அளவெடுத்துக்கொண்டிருந்த என்னைப் பார்த்துத் தெருக்கார அம்மாள் ஒருவர், "கார்ப்பரேசன்ல இருந்தா வர்றீங்க? அப்படியே சாக்கடையையும் பாத்துட்டுப் போங்க" என்றார்.

வண்டியைத் தாழ்த்துவதில் இன்னொரு நட்டமும் உண்டு. வில் அமுங்குவதற்கு எஞ்சியிருக்கும் இடம் குறைந்துவிடுகிறது. எட்டு சென்டிமீட்டர் இருந்தது ஆறானது என்று வைத்துக்கொள்வோம். அந்த ஆறும் தீர்ந்தால் வண்டி முட்டுரப்பரில் மோதும். அந்த அடி வில்லின் வழியாக வருவதன்று. நேரே முதுகெலும்புக்கு வருவது. மனித உடல், அமர்ந்த நிலையில், விநாடிக்கு நான்கிலிருந்து எட்டுவரையான மேலும் கீழுமான அதிர்வை மிகுதியாக உணர்கிறது என்று ஆராய்ந்திருக்கிறார்கள். மென்மையான வில் அந்த வேகத்து அதிர்வுகளைப் பெரும்பாலும் கீழேயே நிறுத்திவிடும். வில்லும் குழாயும் இறுக இறுக, அவை மேலே ஏறிவரும். பேருந்தும் லாரியும் பல ஆண்டுகள் ஓட்டியவர்களுக்குக் கீழ்முதுகு வலி மிகுதியாக இருப்பதற்கு, இவ்வாறு உடல் முழுதும் ஏற்கும் அதிர்வும் ஒரு காரணம் என்பது மருத்துவர் ஒப்புக்கொண்ட செய்தி.

நான் இவ்வளவும் கூறியபின் என் மாணவர் வாதாடாமல் இல்லை. நத்தம் சாலையில் செட்டிகுளம் வரை செல்லும் 7.3 கிலோமீட்டர் மேம்பாலச் சாலை 2023 ஏப்ரலில் திறக்கப்பட்டதே, அங்கேயும் நாற்கரச் சாலையிலும் ஸ்போர்ட்ஸ் அமைப்பு பொருந்தாதா என்றார். பொருந்தும். விடியற்காலையில் தனியே அவர் அந்தப் பாலத்தின்மேல் போகும்போது இறுகிய வில் அவருக்கு மகிழ்ச்சி தரும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் பாலத்துக்குப் போகவும் பாலத்திலிருந்து வீடு வரவும் கோரிப்பாளையத்தைக் கடக்கவேண்டும் அல்லவா? பொத்தானை அழுத்தினால் இறுகவும் தளரவும் கூடிய மின்னணுக் குழாய்கள் இருக்கின்றனவே என்றார் அடுத்து. அவை நல்லவையே, அவற்றை வாங்கப் பொருள் இருந்தால் வாங்கலாம். ஆயினும் அந்தப் பொத்தான் பெரும்பாலும் குழாயைத்தான் மாற்றும். குட்டையான சுருள்வில்லை நெட்டையாக்காது. தாழ்ந்த வயிற்றை உயர்த்தாது. எனவே பொத்தானைக் காட்டி விற்கும்போது, உயரம் எவ்வளவு என்று முதலில் கேட்கச் சொன்னேன்.

"விண்ணப்பத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம், தம்பி. இரண்டு அமைப்பும் உள்ள வண்டிகளைச் சென்னையில் காட்டுவார்கள். அப்பாவை அழைத்துப் போ. நீ ஓட்டாதே; விற்பவரை ஓட்டச் சொல். நீயும் ஒருமுறை பக்கத்து இருக்கையில் உட்கார்" என்று சொல்லி அனுப்பினேன். சுக்கானைப் பிடித்திருப்பவருக்கு அடுத்த குலுக்கல் முன்கூட்டியே தெரியும். அவர் உடல் தயாராகிவிடும். பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது. ஒரே வண்டி இருவருக்கும் ஒரே வண்டி அன்று. தந்தையும் மகனும் போனார்கள். முதல் வண்டியில், சாலையில் பதித்திருந்த சாக்கடை மூடி ஒன்றின்மேல் ஏறியதும், பெரியவர் தம்மையறியாமல் இடக்காலை ஊன்றி எழ முயன்றாராம். முப்பத்து மூன்று ஆண்டுப் பழக்கம் அது. பள்ளத்தைக் கண்டால் ஓட்டுநர்கள் இருக்கையிலிருந்து சற்றே எழுந்துகொள்வார்கள். இரண்டாவது வண்டியில் அந்த மூடியைத் தாண்டியது தமக்குத் தெரியவே இல்லை என்றார். மகன் ஒன்றும் சொல்லாமல் 'சாதாரணம்' என்பதற்கு நேரே கோடிட்டார்.

வண்டி வந்தது. பெரியவர் கூரையைத் திறந்துவிட்டு அழகர்கோயில் வரை போய்வந்தார். முதுகு எப்படி என்று கேட்டேன். "முதுகை விடுங்க சார், தலையில மல்லிகைப்பூ வாசம் அடிச்சுது" என்றார். வளைவுகளில் சற்றே சாய்கிறது என்று மகனுக்கு மட்டும் இன்னும் ஒரு சிறு குறை இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும்.

திறந்த கார் இல்லாத நேயர்களே மிகப் பலர். உங்களில் மோட்டார் சைக்கிள் வைத்திருப்போர், பின்சக்கரத்தின் சுருள்வில்லுக்கு அடியில் படிப்படியாக வெட்டிய வளையம் ஒன்று இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதைத் திருகி மேற்படிக்குக் கொண்டுபோனால் வில் இறுகிவிடும் என்று தொழிற்கூடத்துப் பையன்கள் சொல்வார்கள். வில்லின் வன்மை அதனால் மாறுவதில்லை; ஹூக்கின் விதி அங்கேயும் அப்படியேதான் இருக்கிறது. அந்த வளையம் வில்லை முன்கூட்டியே சற்று அமுக்கிவைத்து, வண்டியின் பின்புறத்தை உயர்த்துகிறது, அவ்வளவே. மனைவியையோ தாயையோ பின்னால் ஏற்றிச் செல்லும்போது பின்புறம் தாழ்ந்து, வில் அமுங்க இடமின்றி முட்டாதிருப்பதற்காகவே அது வைக்கப்பட்டது. தனியே செல்லும் நாளில் அதைக் கீழ்ப்படியிலும், இருவராகச் செல்லும் நாளில் மேற்படியிலும் வைத்துக்கொள்ளலாம். அதைத் திருகும் வளைந்த சாவி, வண்டி வாங்கும்போது கொடுத்த பையில், பெரும்பாலும் தொடப்படாமலே கிடக்கும். குழாயின் வெளிப்புறத்தில் எண்ணெய்க் கசிவு படிந்து தூசி ஒட்டியிருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள். கசிந்திருந்தால், வளையத்தை எந்தப் படியில் வைத்தாலும் பயனில்லை. குழாயை மாற்றத்தான் வேண்டும்.